குவெயின்ட் என்று சொல்லப்பட்ட வீடு

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு படம் போட்டிருந்தான். வேப்பம்பட்டில் அக்கா குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம். சிமென்ட் முற்றம், துணி உலர்த்தும் கம்பி, சமையலறைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் புகைபோக்கி, முற்றத்தின் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு பச்சைக் கதவுகள். ஒன்று குளியலறை, மற்றது கழிப்பறை. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், "எங்கள் குவெயின்ட் வீடு, என்றும் இப்படியே இருக்கட்டும்."

அன்றைய நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறேன். அதற்கு மேலே, அம்பத்தூரில் மாலை லேசான தூறல் என்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அவன் நம்ம வீட்டுப் படத்தைப் போட்டு என்னமோ எழுதியிருக்கானே, அது என்ன வார்த்தை?"

என்னிடம் ஆங்கில அகராதிகள் மூன்று இருக்கின்றன. எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். பழைய காலத்துப் பாணியில் இருப்பது, கொஞ்சம் விநோதமாகவும் இருப்பது, ஆனால் அதனாலேயே பார்க்க அழகாக இருப்பது. இதற்குத் தமிழில் ஒரே சொல் எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"நல்லதா சொல்றானா, கெட்டதா சொல்றானா?"

"நல்லதாத்தான்."

"அப்போ அந்தக் கக்கூஸை அழகுன்றான்."

"வீட்டைச் சொல்றான்கா."

"படத்துல கக்கூஸ்தானே பெருசா இருக்கு," என்றாள்.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது அவளுக்கு அறுபத்தெட்டு முடிந்திருந்தது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முந்தின மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பின்கட்டுப் படியிறங்கி முற்றத்தைக் கடக்கும்போது வழுக்கியிருக்கிறாள். துணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கம்பி ஒரு முனையில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மகனிடம் கம்பி துருப்பிடித்து அறுந்துபோனதாகச் சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். பிறகு ஆவடியில் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, படி ஏறி இறங்கக் கூடாது, ஈரத்தரையில் நடக்கக் கூடாது என்றார். கழிப்பறைக்குப் போகவே இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது என்று அக்கா சொன்னதும், "அப்போ முதல்ல அதை உள்ளே கொண்டுவாங்கம்மா, மாத்திரை அப்புறம்," என்றார்.

அவளுடைய கோரிக்கை அவ்வளவுதான். அடுத்த மழைக்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு கழிப்பறை. மேஸ்திரி வந்து பார்த்து, பின்பக்க வராந்தாவை அடைத்துக் கட்டலாம் என்றார். அப்படிச் செய்தால் புகைபோக்கி போகும், பின்வாசல் போகும், காற்றுக்குத் துளைகள் விட்டுக் கட்டிய வராந்தாவின் ஜாலிச் சுவரும் போகும். சரி என்று அக்கா சொல்லிவிட்டாள். மேஸ்திரி வீடு திரும்பும் வழியிலேயே அவள் மகனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவன் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிறுதான் அந்தப் படம் குழுவில் வந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து தொழிற்சாலைக் குடியிருப்பில்தான் இருந்தார்கள். எல்லோரும் குவார்ட்டர்ஸ் என்பார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அக்காவின் வீடு வரிசையின் வடகோடியில் இருந்தது. அதனால் வடக்குப் பக்கம் ஜன்னல்கள் உண்டு. தெற்குச் சுவர் பக்கத்து வீட்டோடு பொது. தொண்ணூறுகளின் நடுவில் அத்தான் வேப்பம்பட்டில் மனை வாங்கிச் சொந்த வீடு கட்டினார். இன்ஜினீயர் யாரும் கிடையாது. ஒரு விடுமுறை நாளில் டேப்பை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வீட்டை அறை அறையாக அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது நான். அந்த அளவுகளை ஒரு தாளில் வரைந்து அந்தக் காலத்து மேஸ்திரி ஒருவரிடம் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கத்து ஊர்களில் தொழிற்சாலைக்காரர்கள் கட்டிய வீடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பலதும் இப்படித்தான். ஆயுள் முழுக்க ஒரே பிளானில் வாழ்ந்தவர்களுக்கு வீடு என்றால் அதுதான்.

அத்தான் எதையும் விடவில்லை. குவார்ட்டர்ஸில் கரி அடுப்புக் காலத்தில் வைத்த புகைபோக்கி இருந்தது. புது வீட்டில் முதல் நாளே கேஸ் அடுப்புதான், இருந்தும் புகைபோக்கி வந்தது. கழிப்பறை அங்கே முற்றத்தின் கடைசியில் இருந்தது, இங்கேயும் அங்கேயே நின்றது. மின்சார மீட்டர் கதவுக்கு இடப்பக்கம், தலைக்கு மேல், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் உயரம். இங்கும் அதே உயரம். கதவுகளுக்கு அதே பச்சை. நாலு பக்கமும் காலி இடம் விட்டுத் தனியாக நிற்கும் வீட்டில், தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. அங்கே பக்கத்து வீடு இருந்ததால் வைக்க முடியவில்லை. இங்கே பக்கத்து வீடு இல்லாமலே வைக்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "காத்து வர்ற பக்கம் மொட்டைச் சுவரா விட்டிருக்கீங்களே மாப்ளே," என்று கேட்டார். அத்தான் சிரித்தார். பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் அதிகம் பேசுபவர் அல்ல.

அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அக்கா மகன் எட்டாம் வகுப்பு. இப்போது மாங்காட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். கணினி நிறுவனத்தில் வேலை. மனைவியும் அதே துறை, ஈரோட்டுப் பெண். அத்தான் காலமான பிறகு அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லிப் பார்த்தான். அக்கா மூன்று வாரம் இருந்து பார்த்துவிட்டு, லிஃப்டில் வருகிறவர்கள் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு மாதம் இரண்டு ஞாயிறு அவர்கள் காரில் வேப்பம்பட்டு வருவார்கள். நானும் அந்த ஞாயிறுகளில் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் போவேன்.

படம் வந்த அடுத்த ஞாயிறு, ஜூன் 16, பேச்சு வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது அக்காவே ஆரம்பித்தாள்.

"மேஸ்திரிகிட்ட என்ன சொன்னே?"

"கொஞ்சம் வெயிட் பண்ணச் சொன்னேன்மா. அவ்ளோதான்."

"எதுக்கு வெயிட்டு? என் முட்டிக்கா, உன் போட்டோவுக்கா?"

"அம்மா, புகைபோக்கி, ஜாலி, பின்வாசல் எல்லாத்தையும் உடைச்சா வீட்ல என்ன மிச்சம் இருக்கும்? இதெல்லாம் இப்ப காசு கொடுத்தாலும் கிடைக்காது. எவ்ளோ குவெயின்ட்டா இருக்கு தெரியுமா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க."

"உன் வீட்ல ரெண்டு பாத்ரூம். ரெண்டும் ரூமுக்குள்ள. அதுல ஒண்ணைத் தூக்கி லிஃப்டுக்குப் பக்கத்துல வச்சுக்கோயேன். குவெயின்ட்டா இருக்கும்."

மருமகள் சிரித்துவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க மாமா. இது ஹெரிடேஜ் மாதிரிதானே?"

வீடு கட்டி முடித்த ஆண்டைச் சொன்னேன். அவன் பிறந்ததற்குப் பிறகு கட்டியது, அவனைவிடப் பழையது அல்ல.

"வருஷக் கணக்கு இல்ல மாமா. அப்பா பண்ணது."

அவன் எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு குச்சியால் உள்ளே குத்தினான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் செய்யும் வேலை அது. அவன் அதைத் தெரிந்து செய்தானா என்று என்னால் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து அக்கா அந்தச் சொல்லைத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டாள். மிக்ஸி ஓடவில்லை என்றால் மிக்ஸி குவெயின்ட் ஆகிவிட்டது. கரண்ட் போனால் தெருவே குவெயின்ட். ஒருநாள் நான் போன் செய்து முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ரொம்ப குவெயின்ட்டா இருக்குடா. படம் எடுத்து குரூப்ல போடவா?" என்றாள். மேஸ்திரியிடமும் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அவர் என்னை வேப்பம்பட்டு ஸ்டேஷன் வாசலில் பார்த்து நிறுத்தினார்.

"சார், உங்க அக்கா பையன் இன்னாமோ குவெயின்டுன்னு கேக்குதாமே. அது இன்னா கம்பெனி டைல்ஸு? திருநின்றவூர்ல கேட்டுட்டேன், யாருக்கும் தெரிலயே."

டைல்ஸ் இல்லை, பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்கு ஆங்கிலச் சொல் என்றேன்.

"பழசா இருக்கணும்னா நான் எதுக்கு சார்? சும்மா உட்டாலே ஆயிடப் போவுது," என்று சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பினார்.

ஜூன் 30, ஞாயிறு. அக்கா மகன் தன் அலுவலக நண்பர்கள் ஏழெட்டுப் பேரை வேப்பம்பட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தான். அம்மாவின் மனத்தை மாற்ற அது உதவும் என்று நினைத்திருக்கலாம். நான் முன்னாலேயே போயிருந்தேன். வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். பெண்கள் அக்காவுக்குச் சமையலில் கைகொடுத்தார்கள். ஒருவன் மீட்டர் பெட்டியைப் படம் எடுத்தான். ஒருத்தி புகைபோக்கிக்குக் கீழே நின்று மேலே பார்த்து, வானம் தெரிகிறது என்றாள். சமையலறையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படியில் எல்லோரும் உட்கார்ந்து குழுவாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா வழுக்கியது அந்தப் படியை இறங்கித்தான். குவெயின்ட் என்ற சொல்லை அன்று வேறு வாய்களிலும் கேட்டேன். எல்லோரும் மனமாரத்தான் சொன்னார்கள்.

சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அக்காவிடம் வந்து, "ஆன்ட்டி, ரெஸ்ட்ரூம்?" என்று கேட்டாள். அக்கா பச்சைக் கதவைக் காட்டினாள். அந்தப் பெண் படிவரை போனாள், முற்றத்தைப் பார்த்தாள், கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியைப் பார்த்தாள், திரும்பி வந்து, "பரவால்ல ஆன்ட்டி, வீட்டுக்குத்தானே போறோம்," என்றாள். அதற்குப் பிறகு வேறு யாரும் கேட்கவில்லை. மாலைவரை இருப்பதாகச் சொன்னவர்கள் காபிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். பூந்தமல்லிப் பக்கம் டிராஃபிக் என்று காரணம் சொன்னார்கள்.

கார்கள் போன பிறகு அக்கா மகனிடம் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை.

"இத்தனை பேரும் அழகா இருக்குன்னாங்க. ஒருத்தராவது போனாங்களாடா?"

அவன் வாழை இலைகளை மடித்துக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"தினம் போறவ நான் ஒருத்தி. எனக்கு அது வேணாம்."

ஒரு மாற்று வழி சொல்லிப் பார்த்தான். பின்பக்கப் படியை இடித்துச் சாய்தளம் போடலாம், முற்றத்துக்கு மேல் தகரக் கூரை போடலாம், கைப்பிடி வைக்கலாம். வீட்டின் முகம் மாறாது. அக்கா ஒரு கேள்விதான் கேட்டாள். "முத்தத்துல தண்ணி நின்னா?" மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும். அது அவனுக்கும் தெரியும். தெருவை உயர்த்திப் போட்ட பிறகு ஒவ்வொரு ஆண்டும் நிற்கிறது.

ஆடி வந்துவிட்டால் வேலை தொடங்க முடியாது. ஆடியில் வீட்டு வேலைக்கு அக்கா கடப்பாரை எடுக்க விடமாட்டாள், மேஸ்திரியும் வரமாட்டார். ஆவணி பிறந்த பிறகு என்றால் மழைக்கு இரண்டு மாதம் இருக்கும். அதற்குள் முடிவு வேண்டும். ஜூலை 14, ஆடிக்கு முந்தின கடைசி ஞாயிறு. நாங்கள் நான்கு பேரும் அக்காவின் படுக்கையறையில் இருந்தோம். முன்னறையில் மின்விசிறி பழுது.

அந்த அறையில் எனக்குப் பழகிப்போன, அதனால் கவனிக்காமலே விட்ட ஒன்று இருந்தது. மற்ற மூன்று சுவர்களிலும் காலண்டர், அத்தானின் படம், சாமி படங்கள், சாவி மாட்டும் ஆணி என்று நிறைந்திருக்கும். தெற்குச் சுவர் வெறுமையாக இருக்கும். அன்று மருமகள் ஒரு காலண்டர் கொண்டுவந்திருந்தாள், அவள் அலுவலகத்தில் கொடுத்தது. ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தெற்குச் சுவருக்குப் போனாள்.

"அங்க வேணாம்மா," என்றாள் அக்கா.

"ஏன் அத்தை? இங்கதான் இடம் காலியா இருக்கு."

"அது பக்கத்து வீட்டுக்காரங்க சுவரு. ஆணி அடிச்சா அந்தப் பக்கம் அதிரும்."

மருமகள் சுத்தியலைக் கீழே இறக்கினாள். "அந்தப் பக்கம் யார் வீடு அத்தை?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மகனும் பார்த்தான். பிறகு அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லம்மா. நம்ம இடம்தான்," என்றாள் மருமகளிடம்.

குவார்ட்டர்ஸில் தெற்கு வீட்டில் இருந்தவர் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவர். ஆணி அடித்தால், ரேடியோ சத்தமாக வைத்தால், அவர் அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டுவார். அக்கா இருபது ஆண்டு அந்தச் சுவருக்கு மரியாதை கொடுத்து வாழ்ந்தவள். புது வீட்டிலும் அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. டிவியை வடக்குச் சுவர் ஓரமாகவே வைத்திருந்தாள். அதையெல்லாம் அவள் யோசித்துச் செய்யவில்லை. மகனும் அந்தச் சுவரில் எதையும் மாட்டாமலே அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறான். அவனும் யோசித்ததில்லை.

மருமகள் வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். தெற்குப் பக்கத்தில், வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில், எட்டு அடிக்குக் குறையாத இடம் இருந்தது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள், ஒரு பழைய கயிற்றுக் கட்டில், தானாக முளைத்த பப்பாளி. அந்தப் பக்கம் எப்போது கடைசியாகப் போனாய் என்று அக்காவைக் கேட்டேன். மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது என்றாள். எந்த ஆண்டு என்று அவளுக்கு நினைவில்லை.

"அத்தை, இந்தச் சுவத்துல ஒரு கதவு வச்சு அந்தப் பக்கம் பாத்ரூம் கட்டினா? படுக்கையிலேர்ந்து நாலு எட்டு. படி கிடையாது. பின்னாடி எதையும் தொட வேணாம்."

அக்கா மகன் சிரிப்பை நிறுத்தினான். மறுப்புச் சொல்ல அவனிடம் காரணம் எதுவும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து வாரமாகத் தகராறு செய்திருந்தோம். அந்தச் சொல்லால் பார்க்க முடிந்த பக்கத்தை மட்டும்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன். இப்போது படிக்கையில் அந்த வாக்கியம் கொஞ்சம் அலங்காரமாகத் தெரிகிறது. நடந்தது எளிமையானது. அங்கே ஓர் இடம் இருந்தது, எங்களுக்கு அது தெரியவில்லை, ஈரோட்டிலிருந்து வந்த பெண்ணுக்குத் தெரிந்தது.

"சரிம்மா. பண்ணிடலாம்," என்றான்.

"இதுவும் உங்கப்பா கட்டின சுவருதான். பரவால்லயா?" என்று கேட்டாள் அக்கா.

"இதுல போட்டோ எடுக்க ஒண்ணுமில்லயே," என்றான். அவளைச் சீண்டச் சொன்னானா, தன்னையே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. அக்கா அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

ஆவணி முதல் வாரத்தில் வேலை தொடங்கியது. சுவரில் கதவுக்கு இடம் வெட்டிய அன்று நான் அங்கே இருந்தேன். மேஸ்திரி சுண்ணாம்பால் கோடு போட்டு, உளியை வைத்து முதல் அடி அடித்தார். "மெல்லப்பா," என்றாள் அக்கா, பழக்கத்தில். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, அடி," என்றாள். மதியத்துக்குள் ஓட்டை விழுந்தது. அந்த அறைக்குள் தெற்கிலிருந்து வெளிச்சம் வருவதை அன்றுதான் பார்த்தேன். அக்காவும் அன்றுதான் பார்த்தாள். தரையில் விழுந்த வெளிச்சத்தில் பெருக்காத தூசி தெரிகிறது என்று துடைப்பம் எடுக்கப் போனாள்.

இதன் பிறகு நடந்த ஒன்றைத்தான் என்னால் தீர்மானமாக எழுத முடியவில்லை.

அந்த வாரத்தின் நடுவில், தெற்குப் பக்கம் அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது, வீட்டின் தென்கிழக்கு மூலையை ஒட்டி மண்ணுக்கடியில் கருங்கற்கள் வந்தன. சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, மதிலை நோக்கி, ஓரிரண்டு அடி நீளத்துக்கு. மேஸ்திரி போனில் ஒரு படம் எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினார். அவன் எனக்கு அனுப்பினான். படத்தில் பாதி மண், பாதி மேஸ்திரியின் நிழல். கற்கள் தெரிகின்றன. அடுக்கி வைத்தவையா, கொட்டிக் கிடந்தவையா என்பது தெரியவில்லை. அன்று மாலை அவன் என்னோடு நெடுநேரம் பேசினான்.

"மாமா, அது அஸ்திவாரம். அப்பா அந்தப் பக்கம் இன்னொரு ரூம் போடறதுக்கு ஆரம்பிச்சு வச்சிருக்காரு. அதான் அந்தச் சுவத்துல ஜன்னல் வைக்கல. பின்னால அடைக்க வேண்டியிருக்கும்ல. அதான் எட்டடி விட்டிருக்காரு. எனக்குக் கல்யாணம் ஆனா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரு."

அக்காவிடம் கேட்டேன். அவள் நம்பவில்லை. "அவருக்கு வேற பிளானே தெரியாதுடா. குவார்ட்டர்ஸ்ல ஜன்னல் இல்ல, இங்கயும் வைக்கல. ரூம் போடறதா இருந்தா எங்கிட்ட சொல்லாமயா இருப்பாரு? கட்டி முடிச்சு மிச்சம் இருந்த கல்லு. அந்தப் பக்கம் கொட்டி மூடச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு." அது எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டபோது, தெற்கா மேற்கா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அளந்தபோது டேப் பிடித்தவன் நான். அளவு எடுத்த தாளில் தெற்குப் பக்கம் எதுவும் வரைந்திருக்கவில்லை, ஒரு கோடு மட்டும்தான். இது அக்காவின் பக்கத்துக்குச் சாதகம். ஆனால் முற்றத்தையும் வீட்டோடு சேர்த்துப் பார்த்தால், மற்ற மூன்று பக்கமும் மூன்று நான்கு அடிதான் விட்டிருக்கிறார், தெற்கில் மட்டும் அதைப்போல் இரண்டு மடங்கு. இது மகனின் பக்கத்துக்குச் சாதகம். வீட்டைக் கட்டிய மேஸ்திரி இப்போது உயிரோடு இல்லை. நேரில் பார்த்தால் ஏதாவது தெரியும் என்று அடுத்த ஞாயிறு போனேன். அதற்குள் குழியை நிரப்பி மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டுமென்று மேஸ்திரியை அவசரப்படுத்தியதும் நாங்கள்தான்.

"நீங்க பாத்தீங்களே, அது என்னங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"அஸ்திவாரம் மாரித்தான் இருந்துச்சு சார்."

"நிச்சயமா?"

"மிச்சக் கல்லைக் கொட்டி வச்சிருந்தாலும் அப்டித்தான் இருக்கும். கலவை ஒட்டிக்கினு இருந்தா சொல்லிருக்கலாம். மண்ணு ஊறிப்போய் ஒண்ணும் தெரில. நான் எடுத்துக்கினு உங்க ஊட்டு வேலைக்கே போட்டுட்டேன்."

செப்டம்பர் கடைசியில் கழிப்பறை முடிந்தது. நீளமாக, ஒடுக்கமாக இருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். சுவரில் எஃகுக் கைப்பிடி. தரை வழுக்காத டைல்ஸ். அக்டோபர் நடுவில் பெருமழை வந்தது, முற்றத்தில் வழக்கம்போலத் தண்ணீர் நின்றது. அக்கா நான்கு நாள் பின்வாசலையே திறக்கவில்லை. மகன் தினமும் இரண்டு முறை போன் செய்திருக்கிறான். பச்சைக் கதவுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குள் இப்போது தேங்காய் மட்டை கிடக்கிறது. புதுக் கழிப்பறையின் படம் எதுவும் குடும்பக் குழுவில் வரவில்லை. குவெயின்ட் என்ற சொல்லும் அதற்குப் பிறகு அங்கே வரவில்லை. அக்கா மட்டும் தன் மிக்ஸியை இன்னும் அப்படித்தான் சொல்கிறாள்.

தெற்குச் சுவரில் கதவுக்குப் பக்கத்தில் அந்தக் காலண்டர் தொங்குகிறது. ஆணியை மகன்தான் அடித்தான். அப்பா தனக்கு அறை வைக்க இடம் விட்டிருந்தார் என்று அவன் இப்போது சந்தேகமில்லாமல் சொல்கிறான். அந்த இடத்தில் அம்மாவுக்குக் கழிப்பறை வந்ததில் அவனுக்கு ஒருவித நிறைவு இருப்பதாகத் தெரிகிறது. அக்கா அவன் எதிரில் மறுப்பதை விட்டுவிட்டாள். அவன் போன பிறகு என்னிடம், மிச்சக் கல்லுதான் என்கிறாள்.

தென்கிழக்கு மூலையில் இருந்தது அஸ்திவாரமா, மிச்சக் கல்லா என்பதை நான் இதுவரை சரிபார்க்கவில்லை. மிச்சம் ஏதாவது கிடந்தால் அது கழிப்பறையின் தரைக்கு அடியில் இருக்கிறது. அந்தத் தரையை உடைத்துப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. ஆகவே, அந்தச் சுவரில் அத்தான் ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்பது உறுதி செய்யப்படாதது.